பாட்டில்ல இருக்குற நம்பரை நம்பி ஃபோர்க் ஆயில் வாங்காதீங்க

கேள்வி சுருக்கமா இதுதான். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக், 28,000 கிலோமீட்டர் ஓடிருக்கு, ஃபோர்க்ல, அதாவது முன் வீலைப் புடிச்சிருக்குற ஸ்பிரிங் வச்ச ரெண்டு குழாய்ல, இருக்குற ஆயிலை ஒரு தடவைகூட மாத்தினதில்ல. பிரேக் புடிச்சா முன்பக்கம் பொசுக்குன்னு இறங்குது, ஹம்ப்ல ஏறி இறங்குனா 'டங்'குன்னு சத்தம். ஓட்டுற தம்பி 84 கிலோ, தினமும் பெங்களூர் எச்எஸ்ஆர் லேஅவுட்டுல இருந்து சில்க் போர்டு வழியா எலக்ட்ரானிக் சிட்டி, மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை தேன்கனிக்கோட்டை அஞ்செட்டி பக்கம் மண்ணு ரோடு, ஜூன்ல லடாக் பிளான் வேற. கராஜ்காரர் 20 டபிள்யூன்னு போட்ட தடி ஆயிலை ஊத்துங்கிறார், ஃபிரெண்டு 5 டபிள்யூன்னு போட்ட மெல்லிசு ஆயிலே போதும்ங்கிறார், யார் பேச்சைக் கேக்குறதுன்னு கேட்டிருக்கார்.

ரெண்டு பேர் பேச்சையும் இப்போதைக்கு ஓரமா வைங்க தம்பி. உங்க ஃபோர்க் எப்படிப்பட்டதுன்னு உங்களுக்கே இன்னும் தெரியாது, ஏன்னா 28,000 ஓடின ஆயில் ஆயிலே கிடையாது. நான் முதல் தடவை என் பைக்குல கழட்டி ஊத்தினப்ப சாக்கடைத் தண்ணி மாதிரி கருப்பா வந்துச்சு, அடியில சாம்பல் கலர்ல சேறு, அதோட ஒரு கருவாட்டு நாத்தம், பால்கனில செஞ்சதுக்கு வீட்டுல ரெண்டு நாள் என்னோட பேசல. அந்தச் சாம்பல் கலரு என்னன்னா உள்ள இருக்குற புஷ்ஷும் அலுமினியமும் தேஞ்சு வந்த பொடி. அத்தோட ஆயில் அடி வாங்கி அடி வாங்கி நீர்த்துப் போயிடும், சீல், அதாவது ஆயிலை அடைச்சு வைக்கிற ரப்பர் வளையம், அது வழியா கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு அளவும் குறைஞ்சிருக்கும். நீங்க 'தொளதொளன்னு இருக்கு'ன்னு சொல்றதுல பாதி இந்தச் செத்த ஆயிலோட வேலைதான். அதுக்கு வைத்தியம் புது ஆயில், தடியான ஆயில் இல்ல.

அதுக்கும் முன்னாடி அந்த 'டங்' சத்தம். அது ஃபோர்க் அடி வாங்குற சத்தமா, இல்ல ஹேண்டில் திரும்புற கழுத்துல இருக்குற பேரிங், அதான் கோன் செட், லூசான்னு பாத்துட்டுதான் மத்த வேலை. சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் வீலைத் தூக்கிட்டு, ஃபோர்க்கோட அடிப்பாகத்த ரெண்டு கையால புடிச்சு முன்னாடி பின்னாடி ஆட்டுங்க, கழுத்துகிட்ட ஆட்டம் தெரிஞ்சா அது கோன் செட், எந்த ஆயில ஊத்தினாலும் போகாது. இதைப் பாக்காம ஆயிலுக்கும் சீலுக்கும் காசு செலவு பண்ணிட்டு, கடைசியில கோன் செட்டை டைட் பண்ணதும் சத்தம் நின்னவங்க எனக்குத் தெரிஞ்சே மூணு பேர்.

சரி, 20 டபிள்யூ கதைக்கு வருவோம். இந்த யோசனையை பெங்களூர்ல எல்லா ஏரியாலயும் கேட்டுட்டேன், "தப்ப ஆயில் ஹாக்பிடி குரு, எல்லா சரி ஹோகுத்தே", அதாவது தடியா ஊத்து எல்லாம் சரியாயிடும். நானும் நம்பி ஏமாந்தவன்தான். அப்ப என்கிட்ட ஹீரோ இம்பல்ஸ் இருந்துச்சு, 2011ல வந்த வண்டி, இப்ப இருக்குற எக்ஸ்பல்ஸுக்கு பெரியண்ணன்னு வச்சுக்கங்க. பிரேக் புடிச்சா முன்பக்கம் குப்புற இறங்குதுன்னு, அதாவது டைவ் அடிக்குதுன்னு, ஒரு மெக்கானிக்கிட்ட விட்டேன், அவர் 20 டபிள்யூவ ஊத்தி "இப்ப ஓட்டிப் பாருங்க சார்"னார். வண்டிய நிறுத்தி வச்சு ஹேண்டிலை அமுக்கிப் பாத்தா சூப்பரா இருந்துச்சு, திடமா, கார் மாதிரி. சிட்டிக்குள்ள ஸ்மூத் ரோட்டுலயும் ஓகே. அடுத்த ஞாயிறு அஞ்செட்டி தாண்டி ஒகேனக்கல் போற ரோட்டுல, அங்கங்க பேந்து கெடக்குற இடத்துல, அரை மணி நேரத்துல ரெண்டு மணிக்கட்டும் கழண்டு போச்சு. சின்னச் சின்ன கல்லெல்லாம் ஹேண்டில்ல நேரா அடிக்குது. அதைவிட மோசம், வரிவரியா மேடு பள்ளம் வர்ற இடத்துல முன்பக்கம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள இறங்கிட்டே போகுது, மேல வரவே மாட்டேங்குது, கடைசியில டயர் தரையில நிக்காம துள்ள ஆரம்பிச்சிடுச்சு. பிரேக் புடிச்சா நேரா போகுது, திரும்பல. ஒரு வளைவுல மரத்துகிட்ட போய் நின்னேன்.

ஏன் அப்படி ஆச்சுன்னு புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரிஞ்சிடும், அதனால இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

ஃபோர்க்குல ஸ்பிரிங்கோட வேலை வேற, ஆயிலோட வேலை வேற. வண்டியையும் உங்களையும் தூக்கிப் புடிக்கிறது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் எவ்ளோ வேகமா அமுங்கலாம், எவ்ளோ வேகமா திரும்பி வரலாம்னு கட்டுப்படுத்துறது ஆயில். ஹிமாலயன் 411, எக்ஸ்பல்ஸ் மாதிரி சாதாரண டெலஸ்கோப்பிக் ஃபோர்க்குல உள்ள ஒரு டேம்பிங் ராடு இருக்கும், அதாவது பக்கவாட்டுல ஓட்டை போட்ட ஒரு குழாய், அவ்வளவுதான். ஃபோர்க் அமுங்கும்போது ஆயில் அந்த ஓட்டை வழியா பிதுங்கிப் போகணும். ஊசி போடுற சிரிஞ்சை நெனச்சுக்கங்க, மெதுவா தள்ளுனா சுலபமா போகும், சட்டுன்னு தள்ளுனா கல்லு மாதிரி நிக்கும். ஓட்டையோட சைஸ் மாறாது இல்லையா, அதனால வேகம் ரெண்டு மடங்கானா எதிர்ப்பு கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆகும். பிரேக் புடிக்கும்போது ஃபோர்க் இறங்குறது மெதுவான அசைவு, அங்க எதிர்ப்பு கம்மி, அதான் டைவ் அடிக்குது. பள்ளத்து விளிம்புல, கல்லுல மோதறது பயங்கர வேகமான அசைவு, அங்க ஏற்கனவே எதிர்ப்பு அதிகம். இப்ப டைவை நிறுத்துறேன்னு தடி ஆயில் ஊத்துனா, மெதுவான அசைவுக்கு கொஞ்சம் நல்லது நடக்கும், ஆனா வேகமான அசைவுல ஃபோர்க் அமுங்க நேரமே கெடைக்காது, அடி மொத்தமும் மணிக்கட்டுக்கு வரும். அமுங்கினது திரும்பி வர்றதும் லேட்டாகும், அது மேல வர்றதுக்குள்ள அடுத்த மேடு வந்துரும், அதான் இறங்கிட்டே போறது.

ரொம்ப மெல்லிசு ஊத்துனாலும் கஷ்டம்தான், அமுக்கிவிட்டா மேல வந்து, திரும்ப கீழ போய், ஊஞ்சல் ஆடும். உங்க ஃபிரெண்டு சொல்ற 5 டபிள்யூ அந்தப் பக்கம். அவர் ஓட்டுறது கேடிஎம் மாதிரி ஏதாவதா இருந்தா அவர் வண்டிக்கு அவர் சொல்றது சரியாவே இருக்கும், ஏன்னா அந்த மாதிரி வண்டியில வர்ற கார்ட்ரிட்ஜ்ங்கிற வகை ஃபோர்க்குல ஓட்டைக்குப் பதிலா மெல்லிசு மெல்லிசா அடுக்கின ஷிம் தகடு வளைஞ்சு வளைஞ்சு ஆயிலை விடும், அதுக்கு மெல்லிசு ஆயில்தான் தோது, கேடிஎம் எண்டியூரோ வண்டிங்க மேனுவல்ல எஸ்ஏஇ (வாகன எஞ்சினியர்கள் அமைப்பு) 4ன்னே போட்டிருப்பான். அந்த அட்வைஸை அப்படியே தூக்கி டேம்பிங் ராடு ஃபோர்க்குக்கு வைக்கக் கூடாது. ஹிமாலயன் 450 வாங்கினவங்களும் கவனிங்க, அது ஷோவா கம்பெனியோட 43 மில்லிமீட்டர் தலைகீழ் ஃபோர்க், 411 பத்தி நான் சொல்ற எதையும் அதுக்குப் போடாதீங்க.

இப்ப முக்கியமான விஷயம். 5, 10, 15, 20 டபிள்யூன்னு பாட்டில்ல போட்டிருக்கான் பாருங்க, எஞ்சின் ஆயில் மேல இருக்குற டபிள்யூ மாதிரியே இருக்கும், ஆனா எஞ்சின் ஆயில் நம்பருக்கு எஸ்ஏஇ ஒரு சோதனை வச்சிருக்கு, குளிர்ல எவ்ளோ இறுகுதுன்னு பாத்து நம்பர் குடுப்பாங்க. ஃபோர்க் ஆயிலுக்கு அந்தக் கண்டிப்பு இல்ல, கம்பெனிக்காரன் தன்னோட வரிசையில எது மெல்லிசு எது தடிசுன்னு காட்ட வச்சிருக்குற பேரு மாதிரிதான். இந்தக் கடை மீடியம் சட்டை அந்தக் கடை லார்ஜ் சைஸ்ல இருக்கும்ல, அதே கதை. அதனால பாக்க வேண்டியது 40 டிகிரியில எத்தன சென்டிஸ்டோக்ஸ்ங்கிறது. பேரு பயமுறுத்தும், விஷயம் லேசு, 40 டிகிரி சூட்டுல அந்த ஆயில் ஒரு மெல்லிசு குழாய் வழியா தானா வழிஞ்சு எறங்க எவ்ளோ நேரம் ஆகுதுன்னு அளந்து வர்ற நம்பர். ரூம் சூட்டுல இருக்குற தண்ணி கிட்டத்தட்ட 1, அதை வச்சுப் பாத்துக்கங்க.

மோட்டுல் கம்பெனியோட எக்ஸ்பர்ட் ஃபோர்க் ஆயில் வரிசைய எடுத்தா 5 டபிள்யூ 18 பக்கம், 10 டபிள்யூ 36 பக்கம், 15 டபிள்யூ 57 பக்கம். அதுவே இன்னொரு கம்பெனியோட 10 டபிள்யூ 30ஐ ஒட்டி இருக்கும், வேற ஒருத்தனோடது 45ஐத் தாண்டும். மூணு பாட்டில்லயும் எழுதியிருக்குறது 10தான். இப்ப நடுவுல பிராண்டு மாத்தினவன், "அதே 10தான் சார் ஊத்தினேன், வண்டி வேற மாதிரி ஆயிடுச்சு"ன்னு குழம்புறதுல ஆச்சரியம் இருக்கா. நான் ஒரு தடவை ரெண்டு பிராண்டு 10ஐயும் ஒரே புனல்ல ஒரே அளவு ஊத்தி போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சுப் பாத்தேன், சந்தேகத்துக்கே எடமில்லாத வித்தியாசம். ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்குற ஜேசி ரோட்டுல பாட்டிலைக் கையில எடுத்ததும் காசை நீட்டாதீங்க, அந்த ஆயிலோட பேரையும் 'டேட்டா ஷீட்'டுங்கிற வார்த்தையையும் போன்ல தேடுங்க, நல்ல கம்பெனி எல்லாம் ரெண்டு பக்க பேப்பர் போட்டு வச்சிருப்பான், அதுல 40 டிகிரி நம்பரும் 100 டிகிரி நம்பரும் இருக்கும். பேப்பரே இல்லாத ஆயிலை நான் வாங்குறதில்ல. ஹைட்ராலிக் ஆயில் மேல ஐஎஸ்ஓ விஜி 32ன்னு போட்டிருக்கும் பாத்திருப்பீங்க, அந்த 32தான் நேரா சென்டிஸ்டோக்ஸ், பத்து சதவீதம் கூடக் குறைய. அந்த வகையில அது இந்த டபிள்யூவைவிட யோக்கியமான நம்பர்.

அதே பேப்பர்ல விஸ்காசிட்டி இண்டெக்ஸ்னு இன்னொன்னு இருக்கும், சூடு குளிருக்கு ஆயில் எவ்ளோ மாறுதுன்னு சொல்றது, கூடுதலா இருந்தா மாற்றம் கம்மின்னு அர்த்தம். சாதாரண மினரல் ஆயில் 100 பக்கம் இருக்கும், நல்ல சிந்தெடிக் ஃபோர்க் ஆயில் 150க்கு மேல போகும். பெங்களூர்ல மட்டும் ஓட்டுனா இது பெரிய விஷயமில்ல, டிசம்பர் விடியக்காலை 15 டிகிரி, ஏப்ரல் மத்தியானம் 35, அவ்ளோதான் நம்ம ஆட்டம். ஆனா நீங்க லடாக் போறீங்க. ஜூன்லயும் மேல மலைக் கணவாய்ல காலையில ஜீரோவை ஒட்டி இருக்கும், 40 டிகிரியில 36 இருக்குற ஆயில் அங்க பல மடங்கு தடியாயிடும், இண்டெக்ஸ் கம்மியான ஆயிலா இருந்தா இன்னும் மோசம். இங்கயே 20 டபிள்யூ ஊத்திட்டுப் போனீங்கன்னா அங்க காலையில ஃபோர்க்குக்குப் பதிலா ரெண்டு இரும்புக் கம்பி மாட்டிட்டு ஓட்டுற மாதிரிதான். லடாக்குக்கு லோடு அதிகம், அதனால தடி ஆயில்னு சொல்வாங்க, கேக்காதீங்க, லோடு ஸ்பிரிங்கோட தலைவலி.

அந்த ஸ்பிரிங்கைத்தான் நம்மாளுங்க யாரும் பாக்குறதில்ல. 84 கிலோ, அதுமேல ஜாக்கெட் ஹெல்மெட் பூட்ஸ், 95 கிலோன்னே வச்சுக்கங்க. ஸ்பிரிங் உங்க எடைக்குப் பத்துதான்னு பாக்க ஒரு டேப்பும் ஒரு ஆளும் போதும். முன் வீல் அந்தரத்துல இருக்கும்போது ஃபோர்க் முழுசா நீண்டிருக்கும், அப்ப தூசி புகாம தடுக்குற டஸ்ட் சீல்ல இருந்து, மேல பைப்பைக் கவ்விப் புடிச்சிருக்குற கிளாம்ப் வரைக்கும் தெரியுற பைப்பை அளந்துக்கங்க. அப்புறம் முழு கியரோட சீட்ல உக்காந்து, ஸ்டாண்டை எடுத்து, ஒரு ஆள் பின்னாடி வண்டியைப் புடிச்சுக்க, ரெண்டு தடவை லேசா அமுக்கி விட்டுட்டு திரும்ப அளக்கச் சொல்லுங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேக். 411க்கு முன்னாடி டிராவல், அதாவது ஃபோர்க் அமுங்குற மொத்த தூரம், 200 மில்லிமீட்டர், அதுல 60லிருந்து 70 வரைக்கும் உள்ள போயிருந்தா சரி. 85, 90ன்னு போனா ஸ்பிரிங்குக்கு மேல, மூடிக்கு அடியில இருக்குற ஸ்பேசர்ங்கிற சின்னக் குழாயை கொஞ்சம் நீட்டணும், 10 மில்லிமீட்டர் நீட்டுனா கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் சேக் குறையும். ஒரு விஷயம், ஸ்பேசர் போட்டா ஸ்பிரிங் கடினமாயிடாது, வண்டி நிக்கிற உயரம் மட்டும்தான் மாறும். ரொம்ப நீட்டித்தான் சேக் வருதுன்னா அது உங்களுக்குப் பத்தாத ஸ்பிரிங், வேற வாங்கணும். இந்த இடத்துல நிறைய பேர் ஸ்பிரிங்குக்குப் பதிலா ஆயில்ல போய் விழறாங்க. பத்தாத ஸ்பிரிங்கை தடி ஆயிலால மறைக்கப் பாத்தா, முன்ன சொன்னேனே, இறங்கினது ஏறாது.

இன்னொன்னு, 200 மில்லி டிராவல் இருக்குற வண்டி பிரேக்குக்கு இறங்கத்தான் செய்யும். பல்சர்ல இருந்து வந்தவங்களுக்கு இது கோளாறா தெரியும். அது அந்த ஜாதியோட குணம், முழுசா போகாது, போகவும் கூடாது.

அடுத்து ஆயில் லெவல். எனக்குக் கேட்டா ஆயிலோட தடிமனைவிட இதுக்குத்தான் மதிப்பு அதிகம், ஆனா எந்தக் கராஜ்லயும் அளக்க மாட்டாங்க, அளவு ஜாடில இத்தன மில்லின்னு ஊத்தி மூடிடுவாங்க. ஃபோர்க் பைப்புக்குள்ள ஆயிலுக்கு மேல காத்து இருக்கு, மூடி போட்டு அடைச்ச காத்து. ஃபோர்க் அமுங்க அமுங்க அந்தக் காத்தும் நசுங்கி ரெண்டாவது ஸ்பிரிங்கா வேலை செய்யும், அதுவும் கடைசி பாகத்துலதான் அதோட பலம் தெரியும். ஆயிலை கொஞ்சம் ஏத்தினா காத்துக்கு எடம் குறையும், அப்ப ஆரம்பத்துல ஃபோர்க் பழையபடி மெதுவா இருக்கும், கடைசில மட்டும் கெட்டியாகும். அதாவது சின்னக் கல்லுக்கு கை வலிக்காது, ஆனா பெரிய ஹம்ப்ல 'டங்' அடிக்காது. உங்களுக்கு வேணும்ங்கிறது இதேதானே? தடி ஆயில் இதைக் குடுக்காது, லெவல் குடுக்கும்.

அளக்குற முறை என்னன்னா, பெரும்பாலான மேனுவல்ல ஸ்பிரிங்கை வெளிய எடுத்துட்டு, ஃபோர்க்கை முழுசா அமுக்கி, நிமித்தி நேரா வச்சு, பைப்போட மேல் விளிம்புல இருந்து ஆயில் மட்டம் வரைக்கும் எத்தன மில்லிமீட்டர்னு பாக்கச் சொல்லுவான். சில மேனுவல் வேற மாதிரி சொல்லும், உங்க வண்டி மேனுவல்ல எப்படின்னு பாத்து அதையே செய்யுங்க, ஸ்பிரிங் உள்ள இருந்தா அதுவே ஆயிலை ஏத்திக் காட்டும், மொத்தக் கணக்கும் தப்பாயிடும். ஊத்தினதும் அளக்காதீங்க, உள்ள காத்துக் குமிழி மாட்டிருக்கும், மெதுவா ஒரு பத்துப் பதினஞ்சு தடவை ஏத்தி இறக்கி, கால் மணி நேரம் நிக்க விட்டு அப்புறம் அளங்க. கொஞ்சம் கூடவே ஊத்திட்டு, மெடிக்கல்ல கெடைக்கிற பெரிய சிரிஞ்சுல மெல்லிசு டியூப் சொருகி, வேணுங்கிற ஆழத்துல மார்க் பண்ணி உறிஞ்சி எடுத்துட்டா மட்டம் கரெக்டா நின்னுடும். வெளி அகலம் 41 மில்லிமீட்டர் இருக்குற பைப்புல மட்டத்தை 10 மில்லிமீட்டர் ஏத்த சுமார் 10, 11 மில்லிலிட்டர் ஆயில்தான் ஆகும், ரெண்டு டீஸ்பூன். அதான் சொல்றேன், அளவு ஜாடில கண்ணால பாத்து ஊத்தினா, பழைய ஆயில் உள்ள கொஞ்சம் தங்கியிருந்தா, ஒரு பக்கம் ஒரு மட்டம் இன்னொரு பக்கம் வேற மட்டம்னு சுலபமா ஆயிடும். ரெண்டு காலுக்கும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது.

ஏத்துறதுக்கும் அளவு இருக்கு. மட்டத்தை 10 மில்லிமீட்டர் ஏத்தலாம், 15 கூட சிலர் போவாங்க, அதுக்கு மேல போனா காத்து அழுத்தம் கூடி சீலைத் தள்ளும், டிராவலும் முழுசா கெடைக்காது. ஃபோர்க் பைப்புல ஒரு ஜிப் டை கட்டி விடுங்க, ஒரு ஞாயித்துக்கிழமை ஓட்டிட்டு வந்து அது எவ்ளோ தூரம் தள்ளப்பட்டிருக்குன்னு பாருங்க, கடைசி ஒரு இஞ்சு மிச்சம் இருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம்.

அப்ப உங்களுக்கு என்ன ஆயில்? மேனுவல்ல சொல்லியிருக்குற கிரேடை முதல்ல ஊத்துங்க, அது தெரியலன்னா 40 டிகிரியில 36 பக்கம் இருக்குற நல்ல சிந்தெடிக் ஆயில்ல தொடங்குங்க, லெவல் மேனுவல்படி. ரெண்டு வாரம் அதே சில்க் போர்டு, அதே ஹோசூர் ரோடு, ஒரு ஞாயிறு அஞ்செட்டி. ஹம்ப்ல இன்னும் அடி வாங்குதா, லெவலை 5 மில்லிமீட்டர் ஏத்துங்க, பத்தலன்னா இன்னொரு 5. அடி வாங்கல ஆனா பள்ளம் தாண்டினதும் முன்பக்கம் ரெண்டு மூணு தடவை ஆடுது, அதாவது முன் பிரேக்கைப் புடிச்சுட்டு ஹேண்டிலை பலமா அமுக்கி விட்டா ஒரு தடவை மேல வந்து நிக்காம திரும்ப கீழ போய் வருது, அப்பதான் தடிமன்ல கை வைக்கணும், அதுவும் ஒரு சின்னப் படி. 36ல இருந்து 45 பக்கம். 20 டபிள்யூக்கு ஒரே தாவு வேணாம். ஒரே கம்பெனி, ஒரே வரிசையில 10ஐயும் 15ஐயும் கலந்துகூட நடுவுல ஒன்னு கொண்டு வரலாம். பாதிக்குப் பாதி கலந்தா கணக்குப்படி சரியா நடுவுல நிக்காது, மெல்லிசு பக்கமே கொஞ்சம் சாயும், உதாரணத்துக்கு 18ஐயும் 36ஐயும் சரிபாதி கலந்தா 27 வராது, 25ஐ ஒட்டித்தான் வரும். வேற வேற கம்பெனி ஆயிலைக் கலக்காதீங்க, ஒன்னோட சேர்மானத்தோட இன்னொன்னு எப்படி நடந்துக்கும்னு கேரண்டி இல்ல, நுரை கட்டுச்சுன்னா டேம்பிங்கே போயிடும். ஒரே நேரத்துல ரெண்டு விஷயத்தை மாத்தாதீங்க, எது வேலை செஞ்சுதுன்னு உங்களுக்கே தெரியாம போயிடும், நான் அப்படி ஒரு வருஷத்தை வீணாக்கினவன்.

எஞ்சின் ஆயில் ஊத்தலாமான்னு அடுத்து கேப்பீங்க, ஊர்ல பாதி கம்யூட்டர் வண்டி அதுலதான் ஓடுது. நிறைய எஞ்சின் ஆயில் 40 டிகிரியில நூறைத் தாண்டுற தடிமன், அழுக்கைக் கரைக்குற சோப்பு மாதிரி சேர்மானம் வேற, இதுக்கு வேணாம். ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கார் கியர்பாக்ஸ்ல ஊத்துற செகப்பு ஆயில், அது 35 பக்கம்தான் வரும், பழைய ஜப்பான் வண்டி மேனுவல் சிலதுலயே அதைச் சொல்லியிருக்கான், நடுரோட்டுல மாட்டிக்கிட்டா தைரியமா ஊத்தலாம்.

வேலை செய்யும்போது ரெண்டு மூணு இடம் கவனம். பைப்போட மேல் மூடியை, பைப் இன்னும் கீழ் கிளாம்ப்ல இறுக்கமா இருக்கும்போதே, மேல் கிளாம்பை மட்டும் தளர்த்திட்டு லேசா லூஸ் பண்ணிக்கங்க, வெளிய எடுத்துட்டு கையில புடிச்சுத் திறக்கப் போனா படாத பாடு. மூடிக்கு அடியில ஸ்பிரிங் அழுத்திட்டு இருக்கும், கடைசி மரை வரும்போது முகத்தை மேல வச்சுக்காதீங்க. கேலிப்பரை பிரேக் ஓஸ்ல தொங்க விடாதீங்க, கம்பி போட்டுக் கட்டுங்க. ஸ்பிரிங் எந்த முனை மேல இருந்துச்சுன்னு ஒரு ஃபோட்டோ. உள்ள கழுவுறேன்னு பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ஊத்துவாங்க, அது உள்ள மிச்சம் தங்கினா புது ஆயிலை நீர்க்க வச்சிடும், அதுக்கு ராத்திரி முழுக்க தலைகீழா வச்சு வடிய விடறது மேல். வடிஞ்சது பால் காபி கலர்ல இருந்தா தண்ணி புகுந்திருக்கு, டஸ்ட் சீலைப் பாருங்க. பைப்புல புள்ளி புள்ளியா துரு இருந்தா புது சீல் போட்டும் பிரயோஜனம் இல்ல, அது திரும்ப கிழிக்கும். மாட்டும்போது ஆக்ஸிலை இறுக்கிட்டு, அடியில ஆக்ஸிலைக் கவ்விப் புடிக்கிற பிஞ்ச் போல்டை மட்டும் லூசா விட்டு, முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கி ரெண்டு காலையும் நேராக்கிட்டு அப்புறம் இறுக்குங்க. இதைச் செய்யாததால ஃபோர்க் புடிச்சுப் புடிச்சு நடக்கும், பழியை ஆயில் மேல போடுவோம்.

லடாக் பத்தி ஒரு சின்ன விஷயம். பெங்களூரே 900 மீட்டருக்கு மேல இருக்கு, லடாக்கோட கர்துங் லா கணவாய் 5,300 மீட்டரைத் தாண்டும், அங்க போர்டுல ரொம்ப வருஷம் எழுதியிருந்த 18,380 அடியை நம்பி ஸ்டேட்டஸ் போடாதீங்க, உண்மை 17,582தான். இங்க மூடின ஃபோர்க்குக்குள்ள இருக்குற காத்து அங்க வெளிக்காத்தைவிட அழுத்தம் கூடுதலா இருக்கும், கணக்குப் போட்டா 41 மில்லிமீட்டர் ஃபோர்க்குல ரெண்டு காலுக்கும் சேத்து ஒரு பத்து கிலோ அளவுக்கு வெளிய தள்ளும். முன்பக்கம் லேசா தூக்கி நிக்குற மாதிரி இருக்கும், சீல் கொஞ்சம் புடிக்கும். அவ்ளோதான், பயப்பட வேணாம். ஆனா அதுக்காக ஊருக்குக் கிளம்புறதுக்கு மொத நாள் ஆயில் மாத்திட்டு, லெவலையும் 15 மில்லிமீட்டர் ஏத்திட்டு போகாதீங்க. ஏப்ரல்லயே மாத்துங்க, மே மாசம் பூரா இங்கயே ஓட்டி சரி பாருங்க.

மாத்தி முடிச்சதும் தேதி, கிலோமீட்டர், ஆயில் பேரு, சென்டிஸ்டோக்ஸ், ரெண்டு பக்கமும் எத்தன மில்லிமீட்டர்ல நிறுத்தினீங்க, எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி வண்டி சீட்டுக்கு அடியில டேப் போட்டு ஒட்டிடுங்க. மண்ணுல ஓட்டுறவங்க 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை இல்லன்னா வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துறது நல்லது. கராஜ்காரர் இதுக்குள்ள 20 டபிள்யூ வாங்கி வச்சுட்டார்னா திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க, இல்ல அவர் ஸ்கூட்டருக்கு ஊத்திக்கட்டும்.